நீரிழிவுள்ள பிள்ளைக்குச் சோறு எவ்வளவு?
மாவுச்சத்துக் கணக்கு: பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம்

பால்மரம் வெட்டி வாழும் குடும்பத்தாருக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். வாளியில் கொண்டு வந்து கொட்டும் பாலின் எடை வேறு. அதனுள் இருக்கும் ரப்பரின் எடை வேறு. பாலாகவே எடுக்கும் தோட்டங்களில், நிறுத்த எடையை மட்டும் பார்த்துக் கணக்கை முடிப்பதில்லை. பாலில் சிறிதளவை எடுத்துச் சோதித்து, நூற்றுக்கு எத்தனை பங்கு உலர்ந்த ரப்பர் தேறும் என்று பார்ப்பது வழக்கம். பொதுவாக அது முப்பதிலிருந்து நாற்பது பங்குக்குள் இருக்கும். மங்கில் மழைநீர் விழுந்த நாளில் வாளி நிறைந்திருக்கும். ரப்பர் மட்டும் குறைந்திருக்கும்.

இம்மாதப் பாடமும் இதே வகைக் கணக்குத்தான். ஆனால் பால் கொட்டகையில் அன்று; சாப்பாட்டுத் தட்டில்.

சென்ற ஆண்டு அலுவல் காரணமாக ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு வீட்டில் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி இருந்தாள். முதல் வகை நீரிழிவு கண்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டார் எல்லாருக்கும் சோறு. அவளுக்கு மட்டும் தனித்தட்டில் சிறிது கேழ்வரகுக் களியும் கீரையும். "சோறு போட்டா சீனி ஏறுதுங்க ஐயா. போடாட்டிப் புள்ள வாடிப்போவுது. நான் என்னத்தத்தான் செய்யிறது?" என்று தாய் கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் தோழிகளிடம் வாங்கித் தின்றுவிட்டு, அதை மறைக்கத் தெரியாமல் மறைத்துவந்தாள் என்பது பின்னர்தான் தெரிந்தது. சீனி ஒரு நாள் இருபதைத் தொடும். மறு நாள் மூன்றுக்கு இறங்கும். தாய் பிள்ளையைக் குற்றம் சொன்னார்; பிள்ளை நோயைக் குற்றம் சொன்னாள். உண்மையில் இருவர் மேலும் குற்றமில்லை. தட்டில் இருப்பதை அளக்க அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லித்தரவில்லை. குறை அங்கேதான் இருந்தது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நாம் உண்ணும் மாவுச்சத்தும் சீனியும் வயிற்றில் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சீனி உடலின் உயிரணுக்களுக்குள் புகுவதற்கு இன்சுலின் என்னும் சுரப்புநீர் வேண்டும். அதனைச் சுரப்பது வயிற்றின் பின்புறமுள்ள கணையம். முதல் வகை நீரிழிவில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே வழிதவறிக் கணையத்திலுள்ள அவ்வுயிரணுக்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் அற்றுப்போகிறது. இனிப்பு அதிகம் தின்றதால் வந்த நோயன்று இது; பெற்றோர் செய்த பிழையாலும் அன்று; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவிலிருந்து இது வேறுபட்டது. அங்கே மாத்திரை உதவலாம். இங்கே இன்சுலின் ஊசி ஒன்றே உயிர் காப்பது. பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் அதன் இடத்தை நிரப்ப மாட்டா. ஊசியை நிறுத்திவிட்டு அவற்றை நம்பினால், சில நாட்களிலேயே, சில வேளை ஓரிரு நாளிலேயே, பிள்ளையின் உயிருக்கு ஆபத்து நேரும்.

இன்சுலின் கிடைக்காத காலத்தில் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் தந்த சிகிச்சை என்ன தெரியுமா? பட்டினி. மாவுச்சத்தை ஏறத்தாழ அறவே நீக்கி, உடலை எலும்பும் தோலுமாக வைத்து, சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டார்கள். 1921ஆம் ஆண்டில் கனடாவின் தொரந்தோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்னும் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஊசி வழி செலுத்தப்பட்டது. முதல் ஊசி மருந்து தூய்மையாக இல்லாமையால் பயன் சொற்பமாகவே இருந்தது. கொலிப் என்பவர் அதனைச் சுத்திகரித்துக் கொடுத்த பின்னர் அம்மாதமே போட்ட ஊசிகள் பலித்தன. சாகக் கிடந்த அச்சிறுவன் 1935 வரை வாழ்ந்தான். ஆகவே, இன்று கையில் ஊசி மருந்தை வைத்துக்கொண்டே பிள்ளையின் சோற்றைப் பிடுங்குவது, 1922க்கு முந்திய காலத்திற்குத் திரும்பிப் போவதாகும். வளரும் பிள்ளைக்குச் சோறு வேண்டும். வேண்டிய சோற்றுக்கு ஏற்ற இன்சுலினும் வேண்டும். இரண்டையும் பொருத்துவதற்குத்தான் கணக்கு.

இனிக் கணக்கிற்கு வருவோம். நம் உணவில் இரத்தச் சீனியை விரைந்து உயர்த்துவது மாவுச்சத்தும் இனிப்பும் ஆகும். மீன், கோழி, முட்டை ஆகியவற்றில் அது இல்லை என்றே கொள்ளலாம். கீரையிலும் வெள்ளரி, கத்தரி, வெண்டை போன்ற காய்களிலும் மிகக் குறைவு. ஆதலால் எண்ண வேண்டியவை சோறு, மாவுப் பண்டங்கள், கிழங்கு, பருப்பு, பழம், பால், இனிப்பு ஆகியவை மட்டுமே.

ஒரு பொய்யான நம்பிக்கையை இங்கேயே நீக்கிவிடுவது நலம். கேழ்வரகும் கோதுமையும் "சீனி இல்லாத" தானியங்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறில்லை. உலர்ந்த நிலையில் அரிசியில் நூற்றுக்கு எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது பங்கு மாவுச்சத்து என்றால், கேழ்வரகு மாவிலும் கோதுமை மாவிலும் ஏறத்தாழ எழுபது பங்கு உண்டு. நார்ச்சத்து மிகுதியால் அவை சற்று மெதுவாகச் செரிக்கலாம், எண்ணாமல் விடலாகாது. கருப்பட்டி, தேன், பழுப்புச் சீனி ஆகியவற்றுக்கும் சலுகை கிடையாது. மேற்சொன்ன தாய் "சோறே போடுவதில்லை" என்று நம்பிக் கொடுத்த களியும் மாவுச்சத்துத்தான். ஒரு நாள் சிறு உருண்டை, ஒரு நாள் பெரிய உருண்டை. ஊசியோ இரு நாளும் ஒரே அளவு. சீனி ஏறி இறங்கியதில் வியப்பென்ன?

சோற்றை எப்படி அளப்பது? அரைக் கிலோ அரிசியை எடுத்துக்கொள்வோம். அதில் மாவுச்சத்து ஏறக்குறைய 395 கிராம். வடித்து முடித்ததும் அது நீரை உண்டு 1,400 கிராம் அளவில் சோறாகிறது. நீர் சேர்ந்ததால் எடை கூடியதே தவிர மாவுச்சத்துக் கூடவில்லை. ஆகவே 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. பாலில் ரப்பர் எப்படியோ, சோற்றில் மாவுச்சத்தும் அப்படியே. கஞ்சி என்பது மழை நாள் பாலைப் போன்றது: கிண்ணம் நிறைந்திருக்கும், சத்து நீர்த்திருக்கும்.

வீட்டில் ஒரு சமையல் தராசு இருப்பது நன்று. கடைகளில் அதிக விலையின்றிக் கிடைக்கிறது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் ஒவ்வொரு வேளையும் நிறுத்துப் பாருங்கள். அதன்பின் ஒரே கரண்டியையும் ஒரே கிண்ணத்தையும் ஒதுக்கிவைத்து, அக்கரண்டியால் ஒருமுறை அள்ளினால் எத்தனை கிராம் சோறு என்பதைக் குறித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக் கரண்டியை நான் நிறுத்துப் பார்த்தேன். என் மனைவி அள்ளினால் 60 கிராம், நான் அள்ளினால் 85. கரண்டி ஒன்றே, கை வேறு. எனவே அள்ளுபவர் மாறினால் மீண்டும் நிறுத்துப் பார்ப்பது தவறில்லை.

மற்ற உணவுகளின் அளவுகளை இங்கே தருகிறேன். ஒரு துண்டு ரொட்டியில் மாவுச்சத்து ஏறக்குறைய 15 கிராம். இட்லி ஒன்றில், அதன் பருமனுக்கு ஏற்ப, 10 முதல் 15 வரை. இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள சற்றுக் கனமான தோசையில் 25 முதல் 30. ரொட்டி சானாய் ஒன்றில் 45 அளவில் இருக்கும். அதில் எண்ணெயும் நெய்யும் மிகுதியாதலால் சீனி உடனே ஏறாமல் பல மணி நேரம் கழித்தும் ஏறும். நாசி லெமாக்கும் அத்தகையதே. வெந்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20 அளவு. மரவள்ளிக்கிழங்கிலோ 30க்கும் மேல். வெந்த பருப்பு அரைக் கோப்பையில் 15 முதல் 20. சிறிய பீசாங் மாஸ் வாழைப்பழம் ஒன்றில் 10. டுரியான் சுளை, கொட்டை நீக்கி 100 கிராமில் 27 அளவு. பால் ஒரு குவளையில் 12. சீனி ஒரு தேக்கரண்டி 5. தேநீரில் ஊற்றும் இனிப்பூட்டிய டின் பால் ஒரு பெரிய கரண்டியில் 10 அல்லது 11. "சீனி போடாத தேநீர்தான்" என்று சொல்லி டின் பாலை மறந்துவிடுவோர் பலர்.

பொட்டலத்தில் வரும் உணவுகளில் சத்துகளின் பட்டியல் அச்சிடப்பட்டிருக்கும். அதில் மலாய் மொழியில் "கார்போஹிட்ராட்" என்றிருக்கும் வரியைப் பாருங்கள். "குலா" என்ற வரி சீனியை மட்டும் காட்டுவது. அதைக் கொண்டு கணக்கிட்டால் குறைவாக வரும். 100 கிராமுக்கு எவ்வளவு என்பதும், ஒருமுறை உண்ணும் அளவுக்கு எவ்வளவு என்பதும் தனித்தனிப் பத்திகளில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. இவ்விடத்தில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடமே வேலையை ஒப்படைப்பது சிறந்தது. கணக்குப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகள்கூட இந்தக் கணக்கை விரைவில் பிடித்துக்கொள்வர். ஏனெனில் விடை அவர்கள் வயிற்றுக்குள் போகிறது.

எண்ணிய மாவுச்சத்துக்கு எத்தனை யூனிட் இன்சுலின்? இது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். ஒரே பிள்ளைக்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இருக்கலாம். வளரும் பருவத்தில் மாறிக்கொண்டும் போகும். இதனை வகுத்துத் தரவேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அளவை இரவல் வாங்குதல் கூடாது. விளக்கத்திற்காக மட்டும், ஒரு பிள்ளைக்கு 10 கிராமுக்கு 1 யூனிட் என்று மருத்துவர் எழுதித் தந்துள்ளார் என்று கொள்வோம். மதிய உணவு: சோறு 150 கிராம், அதில் 42, சாம்பார்ப் பருப்பில் 8, உருளைக்கிழங்குப் பொரியல் 50 கிராம், அதில் 10, மீனுக்கும் கீரைக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 60. ஆகவே 6 யூனிட். உண்பதற்கு முன் இரத்தச் சீனி 12 ஆக இருந்து, இலக்கு 6 என்றும், 1 யூனிட் 2 புள்ளியைக் குறைக்கும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தால், திருத்தத்திற்காக மேலும் 3 யூனிட் சேரும், மொத்தம் 9. ஆனால் ஒரு மணி நேரத்தில் மீண்டும் சோதித்து, "இன்னும் இறங்கவில்லையே" என்று மறுபடியும் திருத்த ஊசி போடுதல் மிகவும் ஆபத்து. விரைவாக வேலை செய்யும் இன்சுலினும் மூன்று நான்கு மணி நேரம் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும். முந்தையதும் பிந்தையதும் சேர்ந்து சீனியைப் பாதாளத்தில் தள்ளிவிடும்.

இவ்வாறு உணவுக்கேற்ப ஊசியை மாற்றும் முறை, நாள் முழுதும் வேலை செய்யும் இன்சுலின் ஒன்றும், வேளைதோறும் உணவுக்கென விரைவு இன்சுலின் ஒன்றும் பெறும் பிள்ளைகளுக்கே உரியது. கலப்பு இன்சுலினைக் காலை மாலை இரு வேளை, மாறா அளவில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் ஊசியின் அளவைத் தாமாக மாற்றக்கூடாது. அவர்களுக்குக் கணக்கு மறுபுறமாக உதவும்: ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு நாளும், மாவுச்சத்து ஒரே அளவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். காலையில் 45 கிராம் என்றால், இட்லியானாலும் ரொட்டியானாலும் 45. நேரமும் தவறலாகாது. உங்கள் பிள்ளை எந்த முறையில் இருக்கிறது என்பது தெரியாவிட்டால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது முதல் கேள்வியாக அதையே கேளுங்கள். அங்குள்ள உணவியல் அதிகாரியைக் காண வேண்டும் என்றும் கேளுங்கள்; கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று சிலர் எண்ணலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து நடத்திய பேராய்வின் முடிவு 1993இல் வெளிவந்தது. அடிக்கடி சோதித்து, உணவுக்கேற்ப இன்சுலினைச் சரிப்படுத்திச் சீனியைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை கெடுவது மிகவும் குறைந்திருந்தது என்று அது காட்டியது. பதின்மூன்று வயதில் கெட்ட பழக்கம், முப்பது வயதில் பார்வையைப் பறிக்கலாம். அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது: சீனியை நெருக்கிப் பிடித்தவர்களுக்குத் தாழ்சீனி மயக்கமும் அதிகம் நேர்ந்தது. ஆகவே அதனையும் அறிந்திருக்கவேண்டும்.

இரத்தச் சீனி 4க்குக் கீழ் இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பசியும் தலைச்சுற்றலும் வரும், சில பிள்ளைகள் காரணமின்றிச் சினப்பர், உளறுவர். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைச் சிறிது நீரில் கரைத்துக் குடிக்கச் செய்யவேண்டும். அதில் 15 கிராம் சீனி இருக்கும். சிறு குழந்தைக்கு இதனினும் குறைவே போதும். அளவை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, இன்னும் 4க்குக் கீழ் இருந்தால் மறுமுறை கொடுக்கவேண்டும். சாக்லேட்டும் பாலும் அவ்வேளைக்கு ஏற்றவையல்ல. அவற்றின் கொழுப்புச் சீனியைத் தாமதப்படுத்தும். புட்டிப் பானங்களை நம்புவோரும் கவனிக்க: 2019 ஜூலையில் நம் நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்த பின்னர், பல பானங்களில் சீனி குறைக்கப்பட்டுள்ளது. முன்பு போதிய அளவு இப்போது போதாமல் போகலாம். பட்டியலைப் படித்துப் பாருங்கள். பிள்ளை நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 999க்கு அழையுங்கள்.

தோட்டத்து வாழ்க்கையில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. விடியுமுன் தாயும் தந்தையும் மரத்துக்குப் போய்விடுகின்றனர். பிள்ளை தானாக எழுந்து, தானாக ஊசி போட்டு, தானாகப் பசியாறிப் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கவேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு, பேருந்துச் சத்தம் கேட்டு, உண்ணாமல் ஓடுவதே பெரிய ஆபத்து. நான் கண்ட அந்த வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு உண்டு. முன்னிரவே தாய் காலை உணவை நிறுத்து மூடிவைத்து, மேலே ஒரு துண்டுத் தாளில் "45" என்று எழுதிவிடுகிறார். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தட்டு மேசைக்கு வந்த பிறகே ஊசியை எடுக்கவிடுகிறார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தட்டு காலியாகாமல் பிள்ளை வாசற்படி தாண்ட முடியாது. பள்ளிப் பையில் சீனிப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. வகுப்பாசிரியருக்கும் சொல்லி வைத்திருக்கின்றனர். மாலையில் பூப்பந்து ஆடும் நாட்களில் இரவில் சீனி இறங்கக்கூடும் என்பதால், படுக்குமுன் ஒருமுறை சோதிக்கிறாள்.

காய்ச்சல், வாந்தி கண்ட நாளில் "ஒன்றும் சாப்பிடவில்லையே" என்று இன்சுலினை நிறுத்துவது, பெற்றோர் அன்பினால் செய்யும் பெரும் பிழை. நோயுற்ற வேளையில் உடலே சீனியை இரத்தத்தில் கொட்டும். நாள் முழுதும் வேலை செய்யும் இன்சுலினை எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. ஓயாத வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த பெருமூச்சு, மூச்சில் பழ வாசனை ஆகியவை கண்டால் வேலை முடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது வீட்டாரோடு ஒன்றாக உட்கார்ந்து சோறுண்கிறாள். ஒளித்துத் தின்பது நின்றதா என்று தாயிடம் கேட்டேன். "சொல்லிட்டுத் திங்கிறாங்க ஐயா. அதுவே போதும்" என்றார். தீபாவளியன்று அவள் அதிரசம் உண்டாளாம். மாவையும் வெல்லத்தையும் தாய் நிறுத்துப் போட, எத்தனை அதிரசம் தேறின என்று எண்ணி, ஒன்றுக்கு எவ்வளவு என்று அவளே வகுத்துக் கண்டிருக்கிறாள். தம்பிக்கு ஆறு, தனக்கு இரண்டு என்று அவள் சொன்னதில் சிறிது வருத்தம் இருந்தது, மறைப்பு இல்லை.

வாசகர்கள் செய்து பார்க்க ஒரு கணக்கு. வீட்டில் 100 கிராம் அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சுகிறீர்கள். அதில் மாவுச்சத்து 79 கிராம். காய்ச்சி முடித்தபின் கஞ்சியின் எடை 700 கிராம். பிள்ளையின் கிண்ணத்தில் 350 கிராம் கஞ்சி. உடன் பொரித்த நெத்திலி. 10 கிராமுக்கு 1 யூனிட் என்று மருத்துவர் எழுதியுள்ளார். உண்பதற்கு முன் சீனி இலக்கிலேயே இருக்கிறது. எத்தனை யூனிட்?

விடை: கிண்ணத்தில் இருப்பது மொத்தக் கஞ்சியில் சரிபாதி. ஆகவே மாவுச்சத்து ஏறக்குறைய 40 கிராம். இன்சுலின் 4 யூனிட். நெத்திலிக்குக் கணக்கில்லை.